ஐந்தாவது மைக்

போர்தான் எங்களைப் பிரித்தது என்று
ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் ஜெறாட் சொன்னானாம்.
சொல்லட்டும்.
கேட்பவர்கள் ஒரு கணம் கரண்டியைக் கீழே வைப்பார்கள்,
அவனுக்கு அது பிடிக்கும்.

பிரித்தது ஒரு புகைப்படம்.

சமாதான காலம். பாதை திறந்திருந்தது.
கண்டி வீதியால் ஜெல்லும் கறுப்புக் கண்ணாடியும் வந்திறங்கின.
ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சேட்டு,
கஸ்தூரியார் வீதியில் ஒரே துணியில் வெட்டியது.
எனக்கு மட்டும் துணி காணாமல் முதுகில் ஒரு ஒட்டு.
ஆடேக்க திரும்பாதை என்றார்கள்.

ஜெறாட்டின் மாமி அயர்லாந்தில் தாதி.
ஒரு தகரக் குழலும் ஒரு கசெற்றும் அனுப்பியிருந்தா.
குருநகரில், ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் போட்டுக் கேட்டோம்:
வெறியில் ஒருவன் மழைக்குள் ஓடுவது போல ஒரு மெட்டு,
விழப்போகிறான், விழப்போகிறான், விழவில்லை.
இணுவில் தவில்காரர் மகன் தவரூபன்
மீன் வாளியைக் கவிழ்த்துத் தட்டினான்.
தகிட தகிட தகிட தகிட
"மச்சான், இது எங்கட சாமான்.
எப்பிடியடா அங்க போனது?"
கப்பலில்தான் என்றார்கள் இரட்டையர், ஒரே குரலில்.
ஏழாலையார். எதையும் ஒரே குரலில் சொல்வார்கள்,
பாட்டை மட்டும் அரைச் சுருதி தள்ளி.

அப்படித்தான் தொடங்கியது.
காவடிச் சிந்தின் இடுப்பில் தகரக் குழல்,
மேலே கீபோட்டின் பஞ்சு,
இடையிடையே "பேபி" என்று ஒரு சொல்.
எங்கள் தொண்டையால் அது வரும்போது
தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கூப்பிடுவது போலிருக்கும்.

மொத்தம் மூன்று மேடை.
குருநகர்ப் பெருநாளில்
சுவாமியாரின் கால் தாளம் போட்டது,
நின்றது, யார் பார்த்தார்கள் என்று பார்த்தது.
ஸ்ரான்லி வீதி மோட்டார் சைக்கிள் கடைத் திறப்பில்
முதலாளி பாட்டின் நடுவே எஞ்சினை முறுக்கினார்,
சத்தியமாக அதுவும் ஆறு மாத்திரையில் வந்தது.
இணுவில் கோயில் வீதியில்
தவரூபனின் தகப்பன் வயரைப் பிடுங்குவார் என்று பயந்தோம்.
அவர் கடலை தின்றுகொண்டு நின்றார்.

அங்கேதான் நான் கண்டேன்.
என் மைக்கின் வயர் மேடைக்குக் கீழே போய்
ஒரு கல்லில் சுற்றிக்கொண்டு நின்றது.
வேறெங்கும் போகவில்லை.
மூன்று மேடையிலும் கல்லுக்குப் பாடியிருக்கிறேன்.
கோபமா? எப்பன்.
அடுத்த பாட்டுக்கு இன்னும் பெரிதாய் வாயைத் திறந்தேன்.

பிறகு சீடி. இருநூறு பிரதி.
அட்டைக்குப் படம் எடுக்கப் போனோம்.
நடுவில் ஆர்?
குழல் என்ரை என்றான் ஜெறாட்.
தாளம் என்ரை என்றான் தவரூபன்.
நடுவில் இரண்டு பேரும் நிற்கலாம் என்றார்கள் இரட்டையர்.
ஸ்ரூடியோக்காரர் கமராவுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல்,
"உயரமான தம்பி நடுவில வாங்கோ" என்றார்.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
அப்படி ஒரு பார்வையை
பிறகு சோதனைச் சாவடியில்கூட நான் காணவில்லை.

பதினான்கு நாள் கழித்துப் பாதை பூட்டினது.
ஊரடங்கு.
மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தாலும்
சைக்கிள் எடுக்க ஏலாது.

அட்டையில்லாத சீடிகள்
உரும்பிராயில் ஒரு முந்திரிகைத் தோட்டத்தில் தொங்கின,
குருவி கலைக்க.
வெயிலில் மின்னின, காற்றில் சுழன்றன.
குருவிகள் பழத்தைத் தின்றன.

இப்போது சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன்.
போன வெள்ளி ஒரு பள்ளிக்கூட விழா.
ஐந்து பொடியள். கடைசியில் நின்றவனுக்குச்
சுருதி என்றால் என்னவென்றே தெரியாது.
ரீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினா,
அவன்ரை வயரைக் கழட்டச் சொல்லி.

எனக்கு விளங்காத மாதிரி நின்றேன்.
பிறகு கையை மெல்ல வைத்து
அவன்ரை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.